கோஷ்டியில்லாமல் பாடிய ஜாகர்



ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரசித்தி பெற்ற ராக் இசைக் கோஷ்டியின் பாடகர் மிக் ஜாகர், 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் தேதி இரவு, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்கில் நடைபெற்ற 53-ஆவது கிராமி விருது விழாவில் மேடையேறி ஒரே ஒரு பாட்டுப் பாடினார். தொலைக்காட்சியின் வாயிலாக அமெரிக்க தேசம் முழுவதும் பார்த்த அந்தப் பாட்டு சில நிமிஷங்களுக்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி அவருடைய ரசிகர்களுக்குள்ளே மூண்ட விவாதமோ அத்தனை சீக்கிரம் முடியவில்லை. அன்றைக்கு அவர் பின்னால் கிட்டார் வாசித்தவர் அவருடைய கோஷ்டித் தோழர் கீத் ரிச்சர்ட்ஸ் அல்லர். டிரம்ஸ் வாசித்தவர் கோஷ்டியின் சார்லி வாட்ஸ் அல்லர். கோஷ்டியின் மற்றொரு கிட்டார் கலைஞரான ரான் வுட்டையும் மேடையில் காணோம். தம்மைவிட இருபது வயதுக்கு மேல் இளையவரான ரஃபேல் சாடிக் என்னும் அமெரிக்கக் கலைஞரையும் அவருடைய வாத்தியக்காரர்களையும் துணையாகக் கொண்டு ஜாகர் பாடினார். அதுதான் வழக்கின் மூலகாரணம்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு சண்டையாகவே தோன்றாது. பாடகர் பாடினார், நன்றாகவும் பாடினார், பிறகு என்ன என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த ரசிகர்களின் மனத்தாங்கலுக்குப் பின்னால் நீண்ட சரித்திரம் ஒன்று உண்டு. அந்தக் கோஷ்டியின் கடைசி உலகச் சுற்றுப்பயணம் 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லண்டனில் நிறைவுற்றது. அதன் பின் மூன்றரை ஆண்டுகளாக அவர்கள் ஒன்றுகூடி ஒரு கச்சேரியும் செய்யவில்லை. அந்த மௌனத்தின் நடுவே, 2010-ஆம் ஆண்டு அக்டோபரில், கீத் ரிச்சர்ட்ஸ் தம்முடைய சுயசரிதையை வெளியிட்டார். சிறு வயதிலேயே தமக்கு அறிமுகமாகி, 1961-இல் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் கையில் இசைத்தட்டுகளுடன் மறுபடி எதிர்ப்பட்டவராகிய ஜாகரைப் பற்றி அதில் அவர் எழுதியிருந்த கடுஞ்சொற்கள் பத்திரிகைகளெல்லாம் எடுத்துப் பேசும் விஷயமாயின. புத்தகம் வந்த நாலாவது மாதத்தில் ஜாகர் தனியே மேடையேறினால், இசையை நேசிக்கும் ரசிகன், இனிமேல் அவர்கள் சேரவே மாட்டார்களோ என்று கலங்குவது இயற்கைதான். 1986-ஆம் ஆண்டில் கோஷ்டி வாழ்நாள் சாதனைக்கான கிராமி கௌரவத்தைப் பெற்றிருந்தும் அந்த விழா மேடையில் ஜாகர் அதற்கு முன் பாடியதே இல்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். முதன்முதலாக அங்கே நிற்கும்போது தோழர்கள் பக்கத்தில் இல்லையே என்ற ஆதங்கத்தை நான் ஒருபோதும் அற்பமென்று ஒதுக்க மாட்டேன்.

ஜாகருக்காகப் பரிந்து பேசியவர்களின் கட்சியும் பலமில்லாததன்று. 67 வயதில், ஓடியும் ஆடியும், சுவாசம் சிறிதும் தளராமல் அவர் பாடியதைக் கண்ணாரக் கண்டபின், அது கூலிக்கு வாசிக்கும் கோஷ்டியா, சொந்தக் கோஷ்டியா என்று ஆராய்வது ரசிகத்தன்மை ஆகுமா என்று அவர்கள் கேட்டார்கள். தேகப்பயிற்சி ஆசிரியர் ஒருவரின் புதல்வராகப் பிறந்த ஜாகர், உடம்பையும் ஒரு வாத்தியமாகவே பேணிவந்தவர். 1966-ஆம் ஆண்டு பிரிட்டனில் அமெரிக்க இசைக் கலைஞர்களான ஐக், டீனா டர்னர் தம்பதிகளுடன் சுற்றுப்பயணம் செய்தபோதும், அதற்கு முன்பே அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரௌனை ஒரே மேடையில் அருகிலிருந்து பார்த்தபோதும், பாட்டை உடலால் பாடும் வித்தையைக் கண்ணால் கற்றுக்கொண்டவர். ஆகவே குரலும் ஆட்டமும் அவருடைய சொந்த சம்பத்து. மற்றவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் அவை அவரோடே வரும் என்பது அந்தக் கட்சியின் வாதம்.

இரண்டு கட்சியையும் கேட்டுவிட்டு, 1985-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதியை நினைவுகூராமல் என்னால் இருக்க முடியவில்லை. எத்தியோப்பியாவின் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டனிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடந்து, செயற்கைக் கோள்களின் வழியே உலகமெங்கும் ஒளிபரப்பான 'லைவ் எய்ட்' என்னும் பெருங்கச்சேரியை நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். அவ்வாண்டு ஜாகர் தமது முதல் தனி இசைத்தட்டை வெளியிட்டிருந்தார். அதனால் அவருக்கும் ரிச்சர்ட்ஸுக்கும் இடையே மனஸ்தாபம் முற்றியிருந்தது. பிலடெல்பியாவின் மேடையில் அன்றிரவு ஜாகர், ஹால் அண்ட் ஓட்ஸ் என்பவர்களின் வாத்தியக்காரர்களைத் துணைகொண்டு பாடி, டீனா டர்னரையும் அழைத்துக்கொண்டு அரங்கத்தையே கொந்தளிக்கச் செய்தார். அவர் இறங்கிச் சிறிது நேரத்துக்கெல்லாம் அதே மேடையில் பாப் டிலன் ஏறினார். அவருக்கு இரு பக்கமும் கிட்டாருடன் நின்றவர்கள் யாரென்றால், கீத் ரிச்சர்ட்ஸும் ரான் வுட்டும்! அன்றைக்கு ஒரே ஊரில், ஒரே மேடையில், ஒரே ஒளிபரப்பில் பாடகர் ஒரு பக்கமும் கிட்டார் வாசிப்பவர்கள் மறு பக்கமுமாகப் பிரிந்து நின்றதை ரசிகர்கள் கண்ணால் பார்த்தார்கள். டிலனின் கிட்டாரில் தந்தி அறுந்துபோக, வுட் தமது கிட்டாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றார். தங்கள் வாசிப்பு தங்களுக்கே சரியாகக் கேட்காமல் மூவரும் தடுமாறினார்கள். ஜாகரின் பாட்டோ பழுதில்லாமல் அமைந்தது.

ஆயினும் அந்தப் பழுதற்ற பாட்டில் ஏதோ ஒன்று குறைந்தது என்று பழைய ரசிகர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே உணர்கிறேன். குறைந்தது என்ன என்பதைச் சற்று நிதானமாகவே சொல்ல வேண்டும்.

பெரும்பாலான ராக் கோஷ்டிகளில் டிரம்ஸ் வாசிப்பவரே காலப்பிரமாணத்தை நிர்ணயிக்கிறார். மற்றவர்கள் அவரைப் பின்பற்றுகிறார்கள். ரோலிங் ஸ்டோன்ஸில் இந்த முறை தலைகீழானது. முப்பது ஆண்டுகள் அக்கோஷ்டியில் பேஸ் கிட்டார் வாசித்த பில் வைமன் இதை அழகாக விளக்கியிருக்கிறார்: அங்கே கிட்டாரின் பின்னே டிரம்ஸ் செல்கிறது, கீத் ரிச்சர்ட்ஸ் எடுப்பார், சார்லி வாட்ஸ் இமைப்பொழுதில் ஒரு பின்னம் தாமதித்து அவரைத் தொடர்வார், வைமனோ அந்த அடி எங்கே விழப்போகிறதென்று ஊகித்து முந்திக்கொள்வார். இப்படி மூவரும் ஒரு மயிரிழை விலகியே நிற்பதால், லயம் எந்தக் கணத்திலும் சிதறிவிடலாம் என்ற அபாயத்தோடு, சிதறாமல் அசைந்தாடிக்கொண்டே போகிறது. இதனோடு ரிச்சர்ட்ஸ் தமது கிட்டாரில் ஆறாவது தந்தியைக் கழற்றிவிட்டு, ஐந்து தந்திகளையும் ஒரே ஸ்வரக்கூட்டில் சுருதி சேர்த்து வாசிக்கும் வழக்கத்தையும், வாட்ஸ் இடக்கையால் முழவில் அடி விழும் தருணத்தில் வலக்கையைச் சிம்பலிலிருந்து எடுத்துவிட்டு அந்த அடிக்கு இடம்விடும் வழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். தாமதமும் முந்துதலும் வெற்றிடமும் கலந்து நெய்த அந்த நெசவின் மேல்தான் ஜாகர் இத்தனை ஆண்டுகளும் பாடிவந்தார். அவருடைய குரல் பெரிய குரலன்று. வார்த்தையை எங்கே இழுப்பது, எங்கே கடித்துத் துப்புவது என்ற விவேகமே அதன் ஜீவன். அந்த விவேகம் பிறந்து வளர்ந்தது அந்த அசைவில்.

ஆகையால், வேறு வாத்தியக்காரர்கள் ரோலிங் ஸ்டோன்ஸின் பாட்டுகளை வாசிக்கும்போது, அவர்கள் எத்தனை சமர்த்தர்களாயினும், அல்லது சமர்த்தர்களாயிருப்பதாலேயே, எல்லா அடிகளும் விழ வேண்டிய இடத்தில் சரியாக விழுந்துவிடுகின்றன. அந்த அசைவு போய்விடுகிறது. அந்த மயிரிழை எத்தனை நுட்பமானது என்பதற்கு, அதே லைவ் எய்டை ஒட்டி நிகழ்ந்த மற்றொரு சம்பவம் தக்க சாட்சி. லண்டனில் ஆங்கிலப் பாடகர் டேவிட் போவியும் பிலடெல்பியாவில் ஜாகருமாக நின்று, கடலுக்கு இரு கரையிலிருந்தும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடுவதென்று முதலில் ஏற்பாடு செய்திருந்தார்கள். செயற்கைக் கோளின் வழியே ஒலி சென்று சேர அரை வினாடி பிந்துவதால் அது நடவாதென்று கைவிட்டு, முன்கூட்டியே ஒரு படமாக எடுத்து ஒளிபரப்பினார்கள். இருவர் சேர்ந்து பாட அரை வினாடி என்பது தாண்ட முடியாத தூரம். ரிச்சர்ட்ஸுக்கும் வாட்ஸுக்கும் இடையே இருந்த மயிரிழைத் தூரமோ ஒரு கோஷ்டியின் உயிர். பல்லாண்டுப் பழக்கத்தினாலன்றி அந்த அளவு கைவராது.

இவ்வளவும் சொன்ன பிறகு, 2011-இல் குறை கூறிய கட்சியோடு நான் சேரப் போகிறேன் என்று நேயர்கள் எதிர்பார்க்கலாம். நான் சேரவில்லை. ஏனென்றால் அன்று ஜாகர் பாடிய பாட்டு யாருடையது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

அது சாலமன் பர்க்கின் பாட்டு. 'எவ்ரிபடி நீட்ஸ் சம்படி டு லவ்' என்ற அந்தப் பாட்டை 1964-ஆம் ஆண்டு அவர் இசைத்தட்டில் பாடினார். பிலடெல்பியாவில் பிறந்து, பால பிராயத்திலேயே தேவாலயத்தில் பிரசங்கம் செய்து, பிரசங்கத்தின் வேகத்தையும் மன்றாட்டையும் அப்படியே காதல் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் பர்க். கிரீடமும் அங்கியும் தரித்து மேடையில் ராஜாவைப் போல வீற்றிருப்பார். 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி, கச்சேரிக்காகப் பறந்து சென்றவர், ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் காலமானார். அவருக்கு அஞ்சலியாகவே கிராமி மேடையில் ஜாகர் அந்தப் பாட்டைப் பாடினார். ரோலிங் ஸ்டோன்ஸ் புதிதாகப் புறப்பட்ட காலத்தில், 1965-ஆம் ஆண்டு ஜனவரியில் பிரிட்டனில் வெளியான அவர்களுடைய இரண்டாவது இசைத்தட்டின் முதல் பாட்டு இதுவே. அதே வருஷத்தில் பர்க்கின் வேறொரு பாட்டையும் அவர்கள் பதிவு செய்தார்கள். 2002-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸின் வில்டர்ன் அரங்கில் பர்க்கையே தங்கள் மேடைக்கு வரவழைத்து அவரோடு சேர்ந்து இந்தப் பாட்டைப் பாடவும் செய்தார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கீத் ரிச்சர்ட்ஸ் தம் பங்குக்கு, தம் கிட்டார் குருவாகிய சக் பெர்ரியிடம் பட்ட கடனை, 1986-ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரில் பெர்ரியின் அறுபதாம் ஆண்டு விழாக் கச்சேரியை முன்நின்று நடத்தித் தீர்த்துக்கொண்டார்; அன்று ஜாகர் அங்கே இல்லை, இல்லையே என்று யாரும் வழக்கு தொடுக்கவும் இல்லை. கிட்டார் வாசிப்பவர் தம் குருவுக்குக் கிட்டாரோடு போனார். பாடகர் தம் குருவுக்குக் குரலோடு போனார். வெள்ளைக்காரப் பிள்ளையாகிய ஜாகர், கறுப்பின மக்களின் இசையைத் தூரதேசத்திலிருந்து இசைத்தட்டுகளின் மூலம் கேட்டுக் கேட்டு, எந்த உச்சரிப்பில், எந்த ஏக்கத்தில் பாட வேண்டுமென்று பயின்றதெல்லாம் பர்க்கைப் போன்றவர்களிடத்தில்தான். அந்தப் பாட்டுக்கு ரிச்சர்ட்ஸின் ஐந்து தந்திக் கிட்டார் அவசியமில்லை; அதற்கு வேண்டியவை ஊதுகருவிகளும், பின்பாட்டும், தேவாலயத்து உற்சாகமும். அவற்றையெல்லாம் தம் கோஷ்டியில் வைத்திருந்தவர் சாடிக்; பழைய ஸோல் இசையின் மரபைப் பக்தியோடு பயின்று பாடுகிறவர் அவர். அந்த இரவில், அந்தக் காரியத்துக்கு, அவரைவிடப் பொருத்தமான துணை கிடைத்திருக்காது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

அந்த ஆண்டில் ஜாகர் இன்னொரு தனிப் பயணமும் புறப்பட்டார். அது நம் சென்னையைத் தொட்டது. டேவ் ஸ்டூவர்ட், ஜாஸ் ஸ்டோன், டேமியன் மார்லி, நம் ஏ. ஆர். ரஹ்மான் ஆகியோரோடு 'சூப்பர்ஹெவி' என்ற கோஷ்டியில் கலந்து, 2011 செப்டம்பரில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 'சத்யமேவ ஜயதே' என்ற தலைப்பில் ஒரு பாட்டும் அதில் உண்டு. ரஹ்மானின் பெயருக்காக நான் அதை ஆவலோடுதான் கேட்டேன். எல்லோரும் தத்தம் துறையில் சிறந்தவர்கள். இருந்தும் சேர்ந்து வாழ்ந்த காலம் அந்த இசையில் ஒலிக்கவில்லை. ஜாகரைக் குறை கூற விரும்பிய ரசிகர்கள் கிராமி பாட்டை விட்டுவிட்டு இதை எடுத்துப் பேசியிருந்தால் நானும் அவர்கள் பக்கம் நின்றிருப்பேன்.

ரசிகர்கள் அஞ்சிய பிரிவும் நேரவில்லை. 2012-ஆம் ஆண்டு நவம்பரில், லண்டனில், ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டிக் கோஷ்டி மறுபடி ஒன்றுகூடியது. வைமனும் வந்து சில பாட்டுகளுக்கு வாசித்தார். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் தேதி சார்லி வாட்ஸ் மறைந்தபோதுதான் உண்மையான கேள்வி பிறந்தது. அவர் இடத்தில் இப்போது ஸ்டீவ் ஜோர்டன் வாசிக்கிறார். வல்லவர், ரிச்சர்ட்ஸோடு நெடுநாள் பழகியவர். அந்த அசைவு முழுமையாக மிஞ்சியிருக்கிறதா என்றால், இல்லை என்றே என் செவி சொல்கிறது.

2023-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டின் கடைசியில், தங்கள் கோஷ்டிக்குப் பெயர் தந்த, புளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸின் பழைய பாட்டைப் பாடியிருக்கிறார்கள். அதில் டிரம்ஸ் இல்லை, பேஸ் கிட்டார் இல்லை. ரிச்சர்ட்ஸின் கிட்டாரும் ஜாகரின் குரலும் அவர் ஊதும் ஹார்மோனிகாவும் மட்டுமே. 2011-இல் கோஷ்டி எங்கே என்று கேட்ட ரசிகர்கள் இதைக் கேட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஏனெனில் இங்கே கிட்டார் முன்னே செல்கிறது, குரல் அதற்கு ஒரு மயிரிழை பிந்தி வருகிறது, இருவரும் ஒருவரையொருவர் காத்துக்கொள்கிறார்கள். அந்த இசைத்தட்டை முழுவதும் கேட்க நேரமில்லாதவர்கள் அந்தக் கடைசிப் பாட்டை மட்டுமாவது கேளுங்கள். அதோடு சாலமன் பர்க்கின் 1964-ஆம் ஆண்டுப் பதிவையும் தேடிக் கேளுங்கள்.