நகரும் கோழிக்கூடு
(கிளிநொச்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊர்க்கோழி வளர்க்க உங்களுக்கு நாங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை. லயத்து வாசலிலேயே கோழி வளர்த்த பரம்பரை நீங்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களைக் காந்தீயம் அமைப்பு வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் குடியேற்றியது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். பாரதிபுரம், மலையாளபுரம் பக்கத்து ஆட்களும் வந்திருக்கிறீர்கள். 2009இல் எல்லாவற்றையும் போட்டுவிட்டுச் செட்டிகுளம் முகாமுக்குப் போனவர்களிடம் பழைய கோழி எப்படி மிஞ்சும்? அதனால்தான் வீட்டுக்குப் பத்துப் பெட்டையும் ஒரு சேவலுமாகப் புதிதாகத் தொடங்குகிறோம். இன்று பேச வேண்டியது கூட்டைப் பற்றி.

ஏன் நகரும் கூடு? உங்களில் பலருக்குக் குடியிருக்கும் காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. சீமெந்து போட்டுக் கொட்டில் கட்டினால், நாளைக்கு எழும்பச் சொல்லும்போது அது அங்கேயே நின்றுவிடும். தோட்டத்திலும் இதே கதைதான். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. லயத்துக்குப் பக்கத்தில் நாலு கம்பு நட்டாலும் “யாரைக் கேட்டு நட்டாய்?” என்கிற துரைமார் இன்னும் உண்டு. தூக்கி வைக்கிற கூடு என்றால் போகிற இடத்துக்கு அதுவும் நம்மோடு வரும்.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம். கூட்டுக்குச் சில்லு போடுகிறோம் என்பதால் காணி கேட்பதை விட்டுவிட்டோம் என்று ஒருவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரதேச செயலகத்துக்குக் கொடுத்த கடிதங்களின் பிரதிகளைப் பத்திரமாக வையுங்கள். காணி நடமாடும் சேவை வந்தால் அந்தப் பிரதிகளோடு போய் நில்லுங்கள்.

இனி அளவு. நீளம் 6 அடி, அகலம் 3 அடி. நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தளம். பகலில் மேயவிட்டு இரவில் அடைக்கும் 11 கோழிக்கு இது போதும். தளத்துக்குச் சட்டங்களை அரை அங்குல இடைவெளி விட்டு அடித்தால் எச்சத்தில் பெரும்பங்கு கீழே விழும், கூட்டுவது மிச்சம். கோழி உட்கார இரண்டு கம்புகளை நீளவாட்டில், ஒரே உயரத்தில் போடுங்கள். ஒன்று உயரமாக இருந்தால் எல்லாம் அதற்கே சண்டை போடும். முட்டைப் பெட்டி மூன்று, வெளிப்பக்கம் மூடி வைத்து. அடைக்கு உட்காரும் கோழியை 21 நாளும் தனிக் கூடையில் வையுங்கள். மற்றக் கோழிகள் அதன் முட்டையோடு வந்து இடாமல் இருக்கும்.

பாரம்தான் பெரிய விஷயம். இரண்டு பெண்கள் ஒரு தலைப்பைத் தூக்கிச் சில்லில் உருட்டக்கூடியதாக இருக்க வேண்டும். சில அண்ணன்மார் போட்ட படத்தில் நாலு பக்கமும் பனஞ்சலாகை. அந்தக் கூட்டை நகர்த்த உழவு இயந்திரம்தான் வர வேண்டும்! லேசான பலகையும் பழைய சைக்கிள் சில்லு இரண்டும் எடுங்கள். சின்னச் சில்லு மழை மண்ணில் புதைந்துவிடும். கூரைக்குத் தகரம் போட்டால் வன்னி வெயிலுக்குக் கோழி வெந்துபோகும், கிடுகு மட்டும் என்றால் மாரியில் நனைந்து கனக்கும். மெல்லிய தகரம் போட்டு, கோடையில் மட்டும் மேலே கிடுகு வையுங்கள். சோளகக் காற்றுக்கு நாலு மூலையிலும் முளை அடித்துக் கட்ட மறக்காதீர்கள்.

கடையில் கோழிவலை என்று தருவது கோழியை உள்ளே வைக்குமே தவிர, கீரியையும் பாம்பையும் தடுக்காது. அரை அங்குலக் கம்பி வலை விலை கூடத்தான். ஆனாலும் அதையே வாங்குங்கள். மரநாய்க்குக் கயிற்றுக் கட்டு ஒரு பொருட்டில்லை, கதவுக்கு நல்ல கொண்டி வேண்டும்.

கூட்டை மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை, ஒரு தடவைக்குச் சில அடிதான் நகர்த்த வேண்டும். அதுவும் காலையில் கதவு திறக்க முன்பு. தூரமாகக் கொண்டுபோய் வைத்தால் பொழுதுபட்டதும் கோழியெல்லாம் பழைய இடத்தில் போய் நிற்கும், கூடு அங்கே இல்லாவிட்டாலும். சிரிக்கிறீர்கள், ஏன் என்று எங்களுக்கும் தெரியும். தூரம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் இரண்டு மூன்று நாள் தீனியும் தண்ணீரும் உள்ளேயே வைத்துப் பூட்டி, புது இடத்தைப் பழக்குங்கள். கூடு நின்ற நிலத்தைக் கொஞ்ச நாள் ஆறவிட்டுக் கத்தரியும் மிளகாயும் நடலாம்.

நோயில் பொல்லாதது ராணிக்கெட். வந்துவிட்டால் மருந்து இல்லை, தடுப்பு மருந்து மட்டும்தான். கோழி வாங்க முன்பே அரச கால்நடை வைத்தியரிடம் நாள் கேட்டு வையுங்கள். வெளியிலிருந்து வாங்கிய கோழியை இரண்டு கிழமை தனியே வைத்த பிறகே மற்றதோடு விடுங்கள்.

கூட்டுக்கென்று கடன் எடுக்க வேண்டாம். ஊர்க்கோழி இட்டு, அடைகாத்து, குஞ்சு வளர்த்து வருஷத்துக்கு ஐம்பது முட்டை அளவில்தான் தரும். கிழமைக்குக் கிழமை தவணை கட்ட அது காணாது. பெண்கள் பட்ட நுண்கடனை 2018இல் வறட்சி மாவட்டங்களில் அரசே ஒரு இலட்சம் ரூபாய் வரை தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததே, அதன் வேதனை இந்த மாவட்டத்துக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐந்து வீடு சேருங்கள். ஒரு சுருள் வலையை வாங்கி வெட்டிப் பங்கு போடுங்கள்.

முதல் கூட்டை வருகிற ஞாயிறு முன்பள்ளி வளவில் எல்லாரும் சேர்ந்து அடிப்போம். வாளும் சுத்தியலும் நாங்கள் கொண்டுவருகிறோம். வீட்டில் சும்மா கிடக்கிற சைக்கிள் சில்லு இருந்தால் எடுத்து வாருங்கள்.