சுருதி சேர்ப்பவரின் செவி



பத்தாண்டு நிறைவு விழாவில், கவிதையை விட்டுவிட்டுப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் தொழிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கவிஞருக்கும் அத்தொழிலாளிக்கும் முதல் ஒன்றே: செவி.

பாரிசில் பார்வையற்ற இளைஞர்களுக்கான பள்ளியில் பயின்றவர் குளோத் மொந்தால். அவர் இத்தொழிலைத் தம் செவியாலும் விரலாலும் கற்றுத் தேர்ந்தார். 1836இல் அதைக் கற்பிக்கும் நூலும் வெளியிட்டார். அவருக்குப் பின் பார்வையற்றோர் பலருக்கு அது வாழ்வளித்தது.

பியானோவில் 88 கட்டைகள். ஏறத்தாழ 230 கம்பிகள். இசைக்கவை தருவதோ ஒரே ஒரு சுரம். மற்றவற்றைச் செவிதான் கண்டடைய வேண்டும். சேர வேண்டிய இரு கம்பிகள் சற்றே விலகி நின்றால் ஒலி ஏறியிறங்கித் துடிக்கும். அதற்கு நம் இயற்பியல் நூல்கள் இட்ட பெயர் விம்மல். விம்மல் அடங்கினால் சுருதி சேர்ந்தது என்று பொருள்.

அப்படியானால் எல்லா விம்மலையும் அடக்கிவிடலாமே? முடியாது. பழந்தமிழிசை இளி என்றழைத்த பஞ்சமத்தைத் தூய்மை குன்றாமல் பன்னிரண்டு முறை அடுக்கினால், ஏழு ஸ்தாயி கடந்து புறப்பட்ட சுரத்துக்கே வந்து சேர வேண்டும். ஆனால் அரைச்சுரத்தில் ஏறத்தாழக் கால் பங்கு மிஞ்சுகிறது. இது எண்களின் இயல்பு. எவராலும் ஒழிக்க இயலாது. பதினொரு பஞ்சமங்களைத் தூயனவாக வைத்தால், பன்னிரண்டாவது முழுப் பிழையையும் சுமந்து ஊளையிடும். ஐரோப்பியர் அதை ஓநாய் என்றே அழைத்தனர்.

ஆகவே, தேர்ந்தவர் ஒவ்வொரு பஞ்சமத்தையும் அறிந்தே சற்றுக் குறைக்கிறார். நடு ஸ்தாயியில் அது நான்கு வினாடிக்கு மூன்று விம்மல் அளவே இருக்கும். பன்னிரண்டும் பிழையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் பாட்டு நிற்கிறது. இன்று மின்னணுக் கருவிகளும் இவ்வேலைக்கு உதவுகின்றன. ஆயினும் பியானோவுக்குப் பியானோ கம்பியின் விறைப்பு வேறுபடுவதால், இறுதித் தீர்ப்பைச் செவியிடமே விடுவோர் பலர்.

நண்பர்களே, ஒவ்வோர் அடியையும் தனித்தனியே இழைத்துக் கொண்டுவந்து இவ்வட்டத்தில் படித்தவன் நான். அடிகள் மின்னின; ஏதோ ஓரிடத்தில் கவிதை ஊளையிட்டது. நீங்கள் அதைச் சுட்டியபோது நான் சினந்திருக்கிறேன். எந்த அடி எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை அன்று நான் கேட்கவில்லை. பிழையைக் கேட்கும் செவிக்கே அதைப் பங்கிடவும் தெரியும். அந்தச் செவியை எனக்கு இரவல் தந்தது இந்த வட்டம்.