வரிப்பணத்தில் எழுதிய பாடத்துக்கு எதற்குப் பூட்டு?



நம் படப்பைப் பேருந்து நிறுத்தத்தில் காலையில் பாருங்கள். பள்ளிப் பிள்ளை, ஐடிஐ மாணவன், பாலிடெக்னிக் மாணவி, ஒரகடம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அப்ரண்டிஸ். நால்வரும் கையில் எடுத்தாக வேண்டிய கருவி ஒன்று உண்டு: வெர்னியர் அளவி. ஒன்பதாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமான அளவீட்டிலேயே அது வந்துவிடுகிறது. அங்கே படிக்கும் மீச்சிற்றளவு, அதாவது கருவி காட்டும் மிகச் சிறிய அளவு, 0.1 மில்லிமீட்டர். ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தால் 0.02 மில்லிமீட்டர் வெர்னியரை நீட்டுகிறார்கள். பிள்ளை திகைக்கிறான். கணக்கு ஒன்றுதான், கோடுகள்தான் வேறு என்று இணைத்துச் சொல்ல ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கத்தை யார் எழுதுவது? பள்ளி ஒரு துறை, ஐடிஐ ஒரு துறை, பாலிடெக்னிக் ஒரு துறை. அவரவர் பாடம் அவரவர் கதவுக்குள்ளேயே கிடக்கிறது.

பாடத்துக்கா பஞ்சம்? 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு இருக்கிறது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023இல் மணற்கேணி செயலி வந்தது. ஐடிஐ பாடநூல்களைத் தயாரிக்கும் 1986இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான நிமி, டெல்லியில் அல்ல, நம் கிண்டியில் இருக்கிறது! இவையெல்லாம் யார் பணம்? உங்கள் பணம், தோழர்களே!

ஆனால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? அரசு வெளியிடும் நூலுக்கு 60 ஆண்டு பதிப்புரிமை. இன்று ஒன்பதாம் வகுப்பில் இருப்பவன் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் அவன் பாடநூல் பொதுச்சொத்தாகும். சட்டத்தின் 52ஆம் பிரிவு வகுப்பில் பாடம் நடத்த ஆசிரியருக்கு விலக்கு தருகிறது, உண்மை. ஆனால் அதே பாடத்தைத் திருத்தி, நம் பட்டறைப் படங்களைச் சேர்த்து, ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் பிள்ளைக்கு ஒடியாவில் எழுதி, வாலாஜாபாத் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை எல்லோருக்கும் கொடுக்கலாமா? அந்த உரிமையை யாரும் நமக்கு எழுதித் தரவில்லை. நல்ல ஆசிரியர்கள் பயந்து பயந்து பென் டிரைவில் கைமாற்றுகிறார்கள். கற்பிப்பவர் எதற்காக அஞ்ச வேண்டும்?

கேட்கிறேன், படைப்பை மக்களுக்குப் பொதுவாக்குவது நமக்குப் புதிதா? 1949இல் முதல்வராக இருந்த ஓமந்தூராரின் ஆட்சி பாரதியின் பாடல்களை அரசுடைமையாக்கியது. பிறகு அவை மக்களுக்கே பொதுவாயின. மகாகவியின் பாட்டுக்குத் தாழ் திறந்த மாநிலம், வெர்னியர் பாடத்துக்குத் திறக்காதா? பொதுப்பணத்தில் உருவாகும் கல்விப் பொருள்களுக்கு, யாரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்ற திறந்த உரிமம் வேண்டும் என்று யுனெஸ்கோவே 2019 நவம்பரில் பரிந்துரைத்துவிட்டது.

"ஆளாளுக்குத் திருத்தினால் தரம் கெடும்" என்பார்கள். மூலப்பாடம் அரசிடம் அப்படியே இருக்கட்டும். திருத்தியவர் தம் பெயரைப் போட்டுப் பொறுப்பேற்கட்டும். தவறு இருந்தால் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் கண்ணில் படும். இன்று அது ஒரே வகுப்பறைக்குள் ஒளிந்துகிடக்கிறது.

தொழிற்சாலை நிர்வாகங்களுக்கும் சொல்கிறேன். 2013 நிறுவனங்கள் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதில் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு தருவதை வரவேற்கிறேன். அந்த போர்டில் ஓட்டப் பாடமும் தாருங்கள். உங்கள் தொழில் ரகசியம் வேண்டாம். வெல்டிங் பாதுகாப்பும் அளவெடுக்கும் முறையும் ரகசியமில்லையே!

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்களே, அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். மூன்று துறைகளும் தங்கள் பாடங்களைத் திறந்த உரிமத்தில், இணையம் இல்லாமலும் வைத்துக்கொள்ளும் கோப்பாக, ஒரே இடத்தில் வெளியிட வேண்டும். தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதமும் அனுப்புங்கள்.