முகப்பை யார் தீர்மானிப்பது?



2010 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து இயங்கிய ‘டிக்’ என்ற இணையதளத்தை அன்று திறந்தவர்கள், அதன் முகப்புப் பக்கத்தில் போட்டித் தளமான ‘ரெட்டிட்’டின் இணைப்புகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தார்கள். வெளியாள் யாரும் உள்ளே புகுந்து செய்த வேலை இல்லை அது. டிக்கின் சொந்த வாசகர்களே தங்கள் வாக்குகளைப் போட்டுப் போட்டியாளரை மேலே ஏற்றியிருந்தார்கள். டிக்கை விட்டு வெளியேறும் நாள் என்று அந்த நாளுக்கே பெயர் வைத்திருந்தார்கள். ஐந்து நாளுக்கு முன்புதான், ஆகஸ்ட் 25ஆம் தேதி, அந்தத் தளம் புது வடிவத்துக்கு மாறியிருந்தது.

கைபேசியில் நாம் தினமும் பார்க்கும் செயலிகள் அடிக்கடி உருமாறுகின்றன. முணுமுணுக்கிறோம், பழகிக்கொள்கிறோம். இவர்கள் மட்டும் ஏன் பழகிக்கொள்ளவில்லை? இதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

டிக் 2004இன் கடைசியில் தொடங்கியது. கெவின் ரோஸ் என்ற இளைஞரும் அவருடைய நண்பர்களும் தொடங்கினார்கள். அதில் ஆசிரியர் குழு இல்லை. இணையத்தில் எங்கோ படித்த நல்ல கட்டுரையின் இணைப்பை யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து போடலாம். மற்றவர்கள் பிடித்தால் வாக்களிப்பார்கள். பிடிக்காவிட்டால், குப்பை என்று நினைத்தால், ‘புதை’ என்ற பொத்தானை அழுத்துவார்கள். புதிதாக வந்தவை எல்லாம் முதலில் ஒரு காத்திருப்புப் பக்கத்தில் நிற்கும். பொறுமைசாலிகளான வாசகர்கள் அங்கே போய்ச் சலித்தெடுப்பார்கள். வாக்கு வேகமாகச் சேர்ந்தவை முகப்புக்கு வரும்.

இந்த எளிய ஏற்பாட்டுக்கு இருந்த பலம் சாதாரணமானதல்ல. யாருக்கும் தெரியாத ஒருவர் தன் வலைப்பதிவில் எழுதியது டிக்கின் முகப்பில் ஏறிவிட்டால், அங்கிருந்து பாய்ந்துவரும் கூட்டத்தைத் தாங்க முடியாமல் அவருடைய தளமே படுத்துவிடும். அதற்கு ‘டிக் விளைவு’ என்றே பெயர் இருந்தது. 2006 ஆகஸ்டில் பிசினஸ்வீக் பத்திரிகை கெவின் ரோஸின் படத்தை அட்டையில் போட்டது. பத்திரிகை அலுவலகத்தில் நாலு பேர் உட்கார்ந்து எடுக்கும் முடிவை, முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எடுக்க முடியும் என்று டிக் காட்டியது. நான் இதைப் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

வாசகர்களின் சொல்லுக்கு அங்கே எவ்வளவு எடை இருந்தது என்பதற்கு 2007 மே 1ஆம் தேதி சாட்சி. ஹெச்டி டிவிடி வட்டுகளின் பூட்டைத் திறக்கும் ரகசிய எண் ஒன்று இணையத்தில் கசிந்தது. வக்கீல் கடிதம் வந்ததும் டிக் நிர்வாகம் அந்த எண் இருந்த இடுகைகளை நீக்கியது. வாசகர்கள் விடவில்லை. நீக்க நீக்க மறுபடி போட்டார்கள். முகப்பு முழுவதும் அந்த எண்ணாகவே நிறைந்தது. அன்றிரவே கெவின் ரோஸ் இறங்கிவந்தார். இனி நீக்கப்போவதில்லை, விளைவு என்னவானாலும் சந்திக்கிறோம் என்று எழுதினார். அன்று சரி செய்தாரா, தவறு செய்தாரா என்பது வேறு வழக்கு. இந்தத் தளம் எங்களுடையதும்தான் என்ற எண்ணம் வாசகர்கள் மனதில் அன்று ஆழமாக வேரூன்றியது.

அப்படியிருக்க, 2010இல் நிர்வாகம் ஏன் மாற்றத்துக்குப் போனது? அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தன. செய்தியை நண்பர்கள் வழியாகத் தெரிந்துகொள்ளும் பழக்கம் பரவிக்கொண்டிருந்தது. டிக்கிலேயே சில பேர் கூட்டுச் சேர்ந்து ஒருவரை ஒருவர் மேலே தூக்கிவிடுவதும், பிடிக்காத அரசியல் செய்திகளைக் கும்பலாகப் புதைப்பதும் நடப்பதாகப் புகார் இருந்தது. முதலீட்டாளர்கள் கோடிக்கணக்கான டாலர் போட்டிருந்தார்கள். ஏதாவது செய்தே ஆக வேண்டிய நெருக்கடி.

செய்தார்கள். புதைக்கும் பொத்தானை எடுத்தார்கள். காத்திருப்புப் பக்கத்தை எடுத்தார்கள். பழைய இடுகைகளைத் தேடும் வசதி, சேமித்துவைத்த விருப்பப் பட்டியல், துணைப் பிரிவுகள் எல்லாம் போயின. உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் பொதுவான முகப்புக்குப் பதிலாக ‘என் செய்திகள்’ என்ற பக்கம் வந்தது. நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்களோ அவர்கள் தருவது மட்டும் அதில் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய செய்தி நிறுவனங்கள் தங்கள் கட்டுரைகளைத் தாமாகவே, ஓடைபோல, நேரடியாகத் தளத்தில் கொட்டிக்கொள்ள வழி திறந்துவிட்டார்கள். இரவு உட்கார்ந்து தேடி ஒரு நல்ல கட்டுரையைக் கொண்டுவந்த மாணவரின் இடுகையும், ஒரு பெரிய நிறுவனத்தின் இயந்திரம் தள்ளிய இடுகையும் ஒரே களத்தில் நின்றன. யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டுமா? சில நாட்களில் முகப்பை அந்த நிறுவனங்களே பிடித்துக்கொண்டன.

போதாக்குறைக்குத் தளமும் ஒழுங்காக ஓடவில்லை. தரவுகளைச் சேமிக்கும் அடித்தளத்தையே கசாண்ட்ரா என்ற புது மென்பொருளுக்கு மாற்றியிருந்தார்கள். பக்கங்கள் திறக்கவில்லை, திறந்தாலும் தடுமாறின. வடிவத்தையும் அடித்தளத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டதால், பழையதற்குத் திரும்பிப் போக வழியே இல்லாமல் போயிற்று. என் பார்வையில் மிகப்பெரிய பிழை இதுதான். பொத்தானை எடுத்ததைக்கூட அடுத்த வாரம் சரிசெய்யலாம். திரும்பும் பாதையை அடைத்துவிட்டு ஒரு சமூகத்தை முன்னால் நடக்கச் சொல்வது நம்பிக்கையைக் கெடுக்கும்.

பிறகு நடந்ததைச் சொல்கிறேன். வாசகர்கள் ரெட்டிட்டுக்குப் போனார்கள். டிக்கின் சின்னத்தில் இருந்த மண்வெட்டியை ரெட்டிட் தன் சின்னத்தில் சில நாள் வைத்து அவர்களை வரவேற்றது. டிக்கின் புதிய தலைமை நிர்வாகியாக வந்த மேட் வில்லியம்ஸ் அக்டோபரில் வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். புதைக்கும் பொத்தானும் காத்திருப்புப் பக்கமும் திரும்பி வந்தன. அதற்குள் ஆட்கள் போய்விட்டார்கள். அதே அக்டோபரில் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 2012 ஜூலையில் தளம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. பெயரும் இணையதளமும் பீட்டாவொர்க்ஸ் நிறுவனத்துக்குச் சுமார் 5 லட்சம் டாலருக்குப் போனதாகச் செய்தி வந்தது. ஊழியர்களும் காப்புரிமைகளும் வேறு வேறு இடங்களுக்குப் போயின.

இங்கே ஒரு கேள்வி வரும். மக்கள் எல்லா மாற்றத்தையும்தானே முதலில் எதிர்க்கிறார்கள்? உண்மைதான். 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் ‘நியூஸ் ஃபீட்’ என்ற செய்தி வரிசையைக் கொண்டுவந்தபோது லட்சக்கணக்கானவர்கள் எதிர்ப்புக் குழுக்களில் சேர்ந்தார்கள். நிறுவனம் அந்தரங்கக் கட்டுப்பாடுகளைச் சேர்த்தது, மக்கள் பழகினார்கள், இன்று அந்த வரிசை இல்லாத ஃபேஸ்புக்கை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கத்துவார்கள், இரண்டு வாரத்தில் அடங்கிவிடுவார்கள் என்ற தவறான பாடத்தைப் பல நிறுவனங்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்டன என்பது என் கணிப்பு. வீட்டுக்கு வேறு வண்ணம் அடித்தால் குடியிருப்பவர் நாலு நாளில் பழகிவிடுவார். வாசலையே சுவர் வைத்து மூடினால் எப்படிப் பழகுவார்? ஃபேஸ்புக் வாசகரிடம் முகப்பைத் தீர்மானிக்கும் உரிமை முன்பும் இல்லை, பின்பும் இல்லை. டிக் வாசகரிடம் அது இருந்தது, ஒரே நாளில் போனது.

ரெட்டிட்டுக்கும் இந்த நாள் வந்தது. 2018இல் அதுவும் தன் முகத்தை மாற்றியது. அட்டை அட்டையாகப் பெரிய படங்கள், முடிவில்லாமல் கீழே ஓடும் பக்கம். நெருக்கமான எழுத்து வரிசைக்குப் பழகிய பழைய வாசகர்களுக்குப் பிடிக்கவில்லை, நிறையத் திட்டினார்கள். ஆனாலும் கூட்டமாக வெளியேறவில்லை. பழைய வடிவத்துக்குத் தனி முகவரி கொடுத்து அப்படியே விட்டுவைத்தார்கள். மேலே கீழே அம்புக்குறி போட்டு வாக்களிக்கும் முறையில் கைவைக்கவில்லை. புதியவர்கள் புதிய வடிவத்திலும், பழையவர்கள் பழையதிலும் ஒரே உரையாடலில் கலந்துகொண்டார்கள். ரெட்டிட் எல்லாவற்றிலும் இப்படி நடந்துகொண்டது என்று சொல்ல மாட்டேன். 2023இல் ரெட்டிட்டைப் படிக்க வெளியார் உருவாக்கிய செயலிகளுக்குக் கட்டணம் விதித்தபோது ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவடைத்துப் போராடின, நிறுவனம் பின்வாங்கவில்லை. அவற்றில் பல பேர் விரும்பிப் பயன்படுத்திய அப்பல்லோ செயலி அந்த ஜூன் மாதக் கடைசியில் மூடப்பட்டது.

நேயர்களே, நீங்கள் பயன்படுத்தும் தளம் நாளைக்கு மாறினால், கண்ணுக்குப் பிடிக்காததற்கெல்லாம் உடனே கோபப்பட வேண்டாம். பொத்தான் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போனதைக் கை தானாகக் கற்றுக்கொள்ளும். நிதானமாக வேறு சிலவற்றைத் தேடிப் பாருங்கள். புதிதாக வந்தவற்றை, யாரும் வடிகட்டாமல், வந்த வரிசையிலேயே பார்க்கும் பக்கம் இன்னும் இருக்கிறதா? இது வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறதா? முகப்பில் இருப்பவை உங்களைப் போன்றவர்கள் கொண்டுவந்தவையா, நிறுவனங்கள் தள்ளியவையா? இவற்றில் ஏதாவது காணாமல் போயிருந்தால் பேசுங்கள், முதல் வாரத்திலேயே, பெயர் சொல்லிக் கேளுங்கள். டிக் நிர்வாகம் பொத்தானைத் திருப்பிக் கொடுத்தது மக்கள் கேட்டதால்தான், கொடுத்த நேரம் மட்டும் பிந்திவிட்டது.

காத்திருப்புப் பக்கத்தை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2008இல் ரெட்டிட் தன் நிரலைப் பொதுவில் வெளியிட்டது. முகப்பு வரிசையை அமைக்கும் கணக்கும் அதில் இருந்தது. அந்தக் கணக்கில் வாக்குகள் எல்லாம் சம எடை இல்லை. ஒரு இடுகை பத்து வாக்கை எட்டும்போது எவ்வளவு உயர்கிறதோ, பத்திலிருந்து நூறை எட்டும்போதும் அதே அளவுதான் உயரும். பிந்தி வரும் தொண்ணூறு பேர் செய்யும் வேலையை முந்தி வரும் சில பேர் செய்துவிடுகிறார்கள். அந்தச் சில பேர் இருப்பது முகப்பில் இல்லை, புதியவை வந்து நிற்கும் பக்கத்தில். இத்தகைய தளம் எதையாவது நீங்கள் பயன்படுத்தினால், தினமும் கொஞ்ச நேரம் அங்கே போய்ப் படித்து, நல்லது என்று தோன்றுவதற்கு ஒரு வாக்குப் போட்டுவிட்டு வாருங்கள்.