குந்தியின் தோளில் காந்தாரியின் கை

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் சங்கத்தின் சார்பில் மூணாறு போனோமே, ஞாபகம் இருக்கும். போடிமெட்டு ஏறும்போது மேல் வளைவுகளில் மூடுபனி வந்து பஸ்ஸைச் சூழ்ந்துகொண்டது. முன்னால் போன லாரியே தெரியவில்லை. பின் ஸீட்டில் இருந்த ஒரு அம்மா, "இனிமே காந்தாரி மாதிரிதான் போகணும்" என்றார்கள். சிரித்தோம். அதற்குப் பிறகு மூணாறு வரைக்கும் அதே பேச்சுதான். கண் இருந்தும் கட்டிக்கொண்டது பதிபக்தியா, பிடிவாதமா என்று இரண்டு கட்சி. நான் வாய் திறக்கவில்லை. எனக்குச் சொந்த ஊர் போடி. அந்த மலையில் வேறொரு நினைப்பு எனக்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

முதலில் ஒரு கணக்கைச் சரி செய்துவிடலாம். குமாஸ்தா புத்தி, போகாது. காந்தாரி கட்டை அவிழ்த்துப் பார்த்ததும் துரியோதனன் உடம்பு வஜ்ரமாகிவிட்டது என்று டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அது பிற்காலத்தில் சேர்ந்த கதை. வியாசர் சொல்வது வேறு. போர் நடந்த 18 நாளும் மகன் வந்து, "ஜெயிக்கணும்னு ஆசீர்வாதம் பண்ணும்மா" என்று கேட்கிறான். தர்மம் இருக்கிற பக்கம் ஜெயம் என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லவில்லை.

எங்கள் பாஷையில் சொன்னால், மகன் ஜாமீன் கையெழுத்துக்கு வந்து நிற்கிறான், அம்மா போடவில்லை. ஏலக்காய் விலை ஏறுகிற வருஷங்களில், தோட்டம் குத்தகைக்கு எடுக்கப் போகிறேன் என்று மகன் சொன்ன வார்த்தைக்காகக் கழுத்தில் கிடந்ததைக் கழற்றி அடமானம் வைத்த அம்மாக்களைக் கவுன்ட்டரில் நிறையப் பார்த்தவன் நான். எவ்வளவு, எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். காந்தாரி கேட்டாள். போருக்கு முன்னால் சபைக்குக் கூப்பிட்டபோது, மகனை இப்படி வளர்த்தது நீங்கள்தான் என்று புருஷனையும் குற்றம் சொன்னாள். கண்ணைத்தான் கட்டியிருந்தாள், வாயைக் கட்டவில்லை.

போர் முடிந்து களத்துக்கு வருகிறாள். 100 பிள்ளைகளும் போய்விட்டார்கள். குருட்டுக் கிழவருக்கும் எனக்கும் ஊன்றுகோலாக ஒருத்தனையாவது விட்டுவைத்திருக்கக் கூடாதா என்று பீமனைக் கேட்கிறாள். துணிக்கு அடியில் அவள் பார்வை பட்டு, காலில் விழ வந்த தர்மனின் விரல் நகம் கருகியது. உன் குலமும் 36-ஆம் வருஷம் இப்படித்தான் அழியும் என்று கிருஷ்ணனையே சபித்தாள். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில், படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனனைச் சுற்றி வந்து காந்தாரி ஒப்பாரி வைப்பதை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். வில்லனுக்கும் ஒரு அம்மா உண்டு என்று ஜனங்கள் அழுகிற இடம் அது.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. பிள்ளைகளைக் கொன்றவர்கள் வீட்டிலேயே அவள் 15 வருஷம் இருந்தாள். பீமன் அவர்கள் காதுபடத் தோளைத் தட்டிப் பெருமை பேசுவான். கடைசியில் திருதராஷ்டிரர் காட்டுக்குப் புறப்பட்டபோது முன்னால் நடந்தது குந்தி. குந்தியின் தோளில் காந்தாரி கை, காந்தாரியின் தோளில் கிழவர் கை. தர்மன் எவ்வளவோ தடுத்துப் பார்த்தான். பிள்ளைகள் ஜெயித்து ராஜ்யமும் வந்த பிறகு குந்திக்குக் காட்டில் என்ன வேலை? சின்ன வயதில் இந்த இடத்தை நான் தாண்டிப் படித்திருக்கிறேன்.

போடி கிளையில் இருந்தபோது ஒரு நாள் இரண்டு அம்மாக்கள் வந்தார்கள். காலையில் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு ஜீப் பனியில் பள்ளத்தில் இறங்கி ஒரு பையன் இறந்துபோயிருந்தான். அவன் சேமிப்புக் கணக்கில் சில ஆயிரம் ரூபாய், அம்மா நாமினி. அந்த அம்மாவுக்கு அழுது அழுது முகமே வீங்கியிருந்தது. கூட வந்தவர் கையைப் பிடித்து அழைத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்தார். பாரம் எழுதினேன். கைநாட்டுக்குச் சாட்சி வேண்டுமே, நீங்கள் என்ன உறவு என்று கூட வந்தவரைக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

பையனின் அம்மாதான் சொன்னார்: "ஜீப்பு ஓட்டுன பயலோட ஆத்தா, சார்."

எனக்குப் பேனா ஓடவில்லை. "அவன் காலு ஒடஞ்சு ஆஸ்பத்திரில கெடக்கான். அவனுக்குச் சோறு குடுத்துட்டு நேரா எங்கூட வந்துட்டா. நானும் வேணாம்னு சொல்லல" என்றார். பழியைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவுமில்லை, கேட்கிற இடமும் அது இல்லை.

குந்தி ஏன் போனாள் என்று அன்று ராத்திரி வீட்டில் மறுபடி புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். காட்டில் தீ சூழ்ந்தபோது மூன்று பேரும் ஓடாமல் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார்கள் என்று இருக்கிறது. கோடையில் எங்கள் மலைச்சரிவில் தீ வரிசையாக ஏறுவதை ஊரிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். 2018 மார்ச்சில் குரங்கணியில் பிள்ளைகள் அகப்பட்ட செய்தி வந்தபோதும் அந்தப் பக்கம்தான் நினைவுக்கு வந்தது.

சாட்சிக் கையெழுத்தை ஜீப் ஓட்டியவனின் அம்மாவே போட்டார். பேரை எழுத்துக்கூட்டி எழுத அவருக்கு நேரம் பிடித்தது. பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அவர் திரும்ப ஒரு தடவை எண்ணி, மற்றவர் சுருக்குப்பையில் வைத்து, கையைப் பிடித்து வாசற்படி இறக்கிக் கூட்டிப்போனார்.