தொண்டர்களை உருவாக்கும் தொண்டு

(ஆலய சுகாதாரத் தொண்டர் பயிற்சி நாளில், நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சுகாதாரப் பணியில் தொண்டர்களை எப்படி வழிநடத்துவது என்பது குறித்துப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் 33 ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆகவே மருத்துவத்தை மருத்துவரிடமே விட்டுவிட்டு, மனிதர்களை வேலைக்குப் பழக்குவதைப் பற்றி மட்டும் சில சொல்கிறேன்.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. அவர்களில் ஐவரில் இருவருக்கு, தமக்கு அந்நோய் இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களாகிய நாமே முன்னணியில் நிற்கிறோம். முந்தி நிற்க வேண்டிய துறைகள் எத்தனையோ இருக்க, நாம் முந்தியது இதில்தான்! இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் படுத்திருப்பவர்களும், விரலையோ காலையோ இழந்தவர்களும் நம் சொந்தபந்தங்களே. அதனால்தான் ஆலயம் இந்தப் பணியில் இறங்கியிருக்கிறது.

தொண்டர்களைக் கொண்டு நோயைத் தடுப்பது புதிய யோசனை அன்று. அண்டை நாடான தாய்லாந்து 1977ஆம் ஆண்டிலேயே கிராம சுகாதாரத் தொண்டர் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அங்கே ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட தொண்டர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஏறத்தாழப் பத்துப் பதினைந்து வீடுகள். 2020இல் கோவிட் பரவியபோது அவர்கள்தாம் வீடு வீடாகச் சென்று விசாரித்தார்கள். நம் சுகாதார அமைச்சும் ‘கோஸ்பென்’ என்னும் திட்டத்தின்வழி, அந்தந்த வட்டாரத்து மக்களையே தொண்டர்களாகப் பயிற்றுவித்தது.

தாய்லாந்துத் திட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஆள் எண்ணிக்கையை அன்று. ‘இந்தப் பத்து வீடு உன்னுடையது’ என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்களே, அதைத்தான். எல்லாருக்கும் பொதுவான வேலை யாருக்கும் உரியதல்லாமல் போய்விடும்.

முகாம் முடிந்ததும், ‘எத்தனை பேர் வந்தார்கள்?’ என்றுதான் கேட்கிறோம். முந்நூறு பேர் வந்தார்கள் என்றால் மகிழ்ச்சி. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சர்க்கரை அளவு கூடுதலாக இருந்தவர்களில் எத்தனை பேர் கிளினிக்குக்குப் போனார்கள்? விரல் நுனியில் குத்திப் பார்ப்பது ஒரு முன்னெச்சரிக்கை மட்டுமே. கிளினிக்கில் முறையாக இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் நோய் உறுதியாகும்; அதன் பிறகுதான் மருந்து.

நம் முகாமில் பதிவு மேசையில் இருந்த ஒரு மாணவி, பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு பெரியவரின் பெயர் முந்திய ஆண்டிலும் இருந்தது. இரண்டு ஆண்டும் சர்க்கரை கூடுதல். கிளினிக்குக்குக் கொடுத்த சீட்டு அவர் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. அந்தப் பெண் தன் தாயாருடன் அவர் வீட்டுக்குப் போனாள். ‘ஏன் தாத்தா போகவில்லை?’ என்று கேட்டாள். தனியாகப் பேருந்து ஏறிப் போகப் பயம். படிவத்தைப் படிக்கத் தெரியாது. யாரிடமும் கேட்கக் கூச்சம். அவ்வளவுதான். ஒரு நாள் காலையில் அவளே அரசாங்கக் கிளினிக்குக்கு உடன் சென்றாள். அங்கே காலணிக்குள் மறைந்திருந்த புண்ணையும் பார்த்து மருந்து கட்டினார்கள். இன்று அவர் தம் கால்களால் நடந்து வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வருகிறார்.

அந்த மாணவியை யாரும் ஏவவில்லை. பதிவேடு அவள் பொறுப்பில் இருந்தது. ஆகவே அதில் இருந்த பெயர்களும் தன் பொறுப்பு என்று நினைத்தாள். தொண்டர்களை வளர்ப்பது என்றால் இந்த நினைப்பை வளர்ப்பதுதான்.

அதற்கு நான்கு வழிகளைச் சொல்லுகிறேன்.

முதலாவது, ஆளைப் பார்த்து வேலை கொடுங்கள். திருவள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். பேச்சு வன்மை உள்ளவரைக் கணக்கு எழுத உட்கார வைத்தால் இரண்டும் கெடும்.

இரண்டாவது, படிப்படியாகப் பழக்குங்கள். முதல் முறை பக்கத்தில் நின்று பார்க்கட்டும். இரண்டாம் முறை தாதியின் பார்வையில் செய்யட்டும். பிறகு தனியே செய்யட்டும். இரத்த அழுத்தம் பார்க்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும். பட்டை கட்டிய கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். இவை சிறிய விஷயங்கள். ஆனால் தவறினால் எழுதும் எண்ணே பொய்யாகிவிடும்.

மூன்றாவது, எல்லையைச் சொல்லிக் கொடுங்கள். தொண்டர் மருந்து சொல்லக்கூடாது. ‘பாகற்காய்ச் சாறு குடித்தால் போதும், மாத்திரையை நிறுத்துங்கள்’ என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. பதிவேட்டில் பார்த்ததை வெளியே பேசவும் கூடாது. நம் சமூகம் சிறியது. இன்னார் வீட்டில் இன்ன நோய் என்ற பேச்சு, பெண் பார்க்க வருகிறவர் காதுக்கும் போய்விடும். ஒரு முறை அப்படி நடந்தால், மறு ஆண்டு ஒருவரும் கையை நீட்ட மாட்டார்.

நான்காவது, பொறுப்பில் இருப்பவர் தமக்குப் பின் ஒருவரைத் தயார் செய்ய வேண்டும். இது என் போன்ற மூத்தவர்களுக்குச் சொல்வது. சாவிக்கொத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, ‘இளைஞர்கள் முன்வரவில்லை’ என்று குறைப்பட்டுக் கொள்வதில் நியாயமில்லை.

அன்பர்களே, பெரிய புராணத்தில் திலகவதியார் வரலாறு நீங்கள் அறிந்ததே. சூலை நோயால் துடித்து இரவோடிரவாக வந்த தம்பியை, ‘போய்க் கோயிலில் வேண்டிக்கொள்’ என்று அவர் அனுப்பிவிடவில்லை. திருநீறு அளித்து, விடியற்காலையில் தாம் திருவலகுப் பணிக்குச் செல்லும்போது, திருவதிகைக் கோயிலுக்குத் தம்முடனேயே அழைத்துச் சென்றார். அந்தத் தம்பிதான் பின்னாளில் நமக்கு அப்பர் பெருமான் ஆனார்.

ஆகவே இன்று கலைந்து செல்லுமுன், ஒவ்வொருவரும் பதிவேட்டிலிருந்து பத்துப் பெயர்களைப் பொறுப்பேற்றுக் கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் விசாரியுங்கள். போகாதவர் இருந்தால் உடன் செல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் நாம் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.

இறைவன் அருளால் இப்பணி சிறக்கட்டும்.