ஏழு டொலரை மறுத்த படை

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னை அழைத்தார்கள். நான்கு ஆண்டுகள் நடந்த போர். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்ட போர். அதனை ஒரு மாலைப் பொழுதில் சொல்லி முடிக்கப் புகுந்தால், குளத்து நீரைச் சிரட்டையால் அளந்த கதையாகும். ஆகையால் அப்போரிற் பங்குபற்றிய படையணிகளுள் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். 54ஆம் மசாசூசெற்ஸ் தொண்டர் காலாட்படை என்பது அதன் பெயர். அப்படை கோட்டை வாயிலிற் செய்த போரை உலகம் அறியும். சம்பள மேசைக்கு முன்னால் நின்று பதினெட்டு மாதம் அது செய்த போரை அறிந்தவர் சிலரே. அதைப் பற்றித்தான் இன்று நான் அதிகம் பேச எண்ணுகிறேன்.

1861இற் போர் தொடங்கியபோது, அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்து சென்ற தென் மாநிலங்களில் ஏறத்தாழ முப்பத்தைந்து இலட்சம் கறுப்பு மக்கள் அடிமைகளாய் இருந்தனர். வடக்கிலே சுதந்திர மனிதராய் வாழ்ந்த கறுப்பரோ துப்பாக்கி ஏந்த முன்வந்தபோது, இது வெள்ளையரின் போர் என்று திருப்பி அனுப்பப்பட்டனர். இரண்டு வருடம் இரத்தம் சிந்திய பின்னரே வடக்கின் கண் திறந்தது. 1863 ஜனவரி முதலாந் திகதி லிங்கன் விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டார். அம்மாதமே மசாசூசெற்ஸ் ஆளுநர் ஜோன் அன்ட்றூ கறுப்பர் படையணி ஒன்றைத் திரட்டுவதற்கு அனுமதி பெற்றுக்கொண்டார்.

அடிமையாய்ப் பிறந்து, தப்பியோடி, அந்நாட்டின் தலைசிறந்த பேச்சாளருள் ஒருவராய் உயர்ந்த பிரடெறிக் டக்ளஸ் ஊரூராய்ச் சென்று ஆள் திரட்டினார். ஊரார் பிள்ளைகளைக் களத்துக்கு அழைத்துவிட்டுத் தம் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளும் தலைவர்களை நாம் அறிவோம். டக்ளஸ் அத்தகையவர் அல்லர். அவருடைய மைந்தர் இருவர், சாள்ஸ், லூயிஸ் என்போர், இப்படையிலே சேர்ந்தனர். 1989இல் வெளிவந்த ‘குளோறி’ என்ற திரைப்படத்தைப் பார்த்தவர்கள், இப்படையினர் பெரும்பாலும் தெற்கிலிருந்து ஓடிவந்த அடிமைகள் என்று எண்ணக்கூடும். அது தவறு. பெரும்பாலோர் வடக்கிலே சுதந்திரராய் வாழ்ந்தவர்கள். கமக்காரர், மாலுமிகள், நாவிதர், கூலித் தொழிலாளர். பலர் எழுத்தறிந்தவர்கள். பின்னர் சம்பளத்தைப் பற்றி எழுந்த வழக்கை அவர்கள் வாதித்த முறையை விளங்கிக்கொள்வதற்கு இந்தச் செய்தி வேண்டியதாகும்.

அதிகாரிகள் வெள்ளையர். தலைமை வகித்தவர் கேணல் றொபேட் கூல்ட் ஷோ, பொஸ்டன் நகரச் செல்வக் குடும்பத்துப் பிள்ளை, வயது இருபத்தைந்து. இப்பதவியை ஏற்பது விளையாட்டல்ல. கறுப்புப் படைகளை நடத்தும் வெள்ளை அதிகாரி பிடிபட்டால் மரண தண்டனைக்கு உரியவன் என்று தெற்கின் காங்கிரஸ் 1863 மேயிலே தீர்மானித்தது. அம்மாதம் 28ஆந் திகதி, பெருங்கூட்டம் தெருவோரம் நின்று ஆரவாரிக்க, அப்படை பொஸ்டனில் அணிவகுத்துச் சென்று கப்பல் ஏறியது.

முதலில் அவர்களுக்குக் கிடைத்த வேலை பெருமைக்குரியதன்று. யூன் மாதத்திலே ஜோர்ஜியாவில் டேரியன் என்ற சிற்றூரை எரிக்கும்படி மேலதிகாரி ஒருவர் கட்டளையிட்டார். எதிர்ப்பில்லாத ஊர். ஷோ அதனை வெறுத்தார். வெறுத்தும் அவருடைய படையின் ஒரு பகுதி அதிற் கைவைக்க நேர்ந்தது. புகழ்ந்து பேச வந்த இடத்தில் இதை மறைத்துவிடலாம், மறைத்தாற் சரித்திரமாகாது.

இனி வாக்னர் கோட்டை. தென் கரோலினாவில் சாள்ஸ்ரன் துறைமுகத்தின் வாயிலிலே மொறிஸ் தீவு என்றொரு மணல் திடல் உண்டு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சதுப்பு. இடையே ஒடுங்கிய மணற் பாதை. அப்பாதையின் முடிவிலே மண்ணாலும் மணலாலும் எழுப்பிய அக்கோட்டை. 1863 யூலை 18ஆந் திகதி பகல் முழுவதும் தரையிலிருந்தும் கடலிலிருந்தும் வடக்கின் பீரங்கிகள் அதனை முழங்கித் தாக்கின. கோட்டைக்குள்ளே உயிரோடு எவரும் இரார் என்று தளபதிகள் கணித்தார்கள். உள்ளே இருந்தோர் நிலவறைகளிற் பதுங்கிப் பீரங்கி ஓயும்வரை காத்திருந்தனர்; அவ்வளவே.

முன்னணியிற் செல்வதற்கு 54ஆம் படை தெரிவு செய்யப்பட்டது. இரண்டு நாட்களுக்கு முன் அயல் தீவொன்றிலே சண்டையிட்டு, இரண்டு இரவு உறக்கமின்றி, அரை வயிறாய் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். எனினும் முன்னணி இடத்தைத் தருகிறோம் என்று சொல்லப்பட்டபோது ஷோ மறுக்கவில்லை. மறுத்திருந்தால், கறுப்பர் அஞ்சினர் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதியிருக்கும்.

அந்தி மயங்கும் வேளையில் ஏறத்தாழ அறுநூறு பேர் அம்மணற் பாதையில் முன்னேறினார்கள். கோட்டையை அண்மியதும் நிலவறைகளிலிருந்து வெளிவந்தோர் சுடத் தொடங்கினர். விழுந்தவர் விழ, எஞ்சியோர் அகழியைக் கடந்து மண்மேட்டில் ஏறினர். ஷோ மேட்டின் உச்சியிலே சுடப்பட்டு வீழ்ந்தார். கொடி தாங்கியவன் சாய்ந்தபோது, வேர்ஜினியாவில் அடிமையாய்ப் பிறந்த வில்லியம் காணி என்னும் சார்ஜன்ட் அதைக் கையிலேந்தி, பல காயங்கள் பட்டும் நிலத்தில் விழவிடாது மீட்டுக்கொண்டு வந்தார். மூத்த அதிகாரிகள் எல்லோரும் வீழ்ந்தமையால், எஞ்சியோரை ஒன்றுசேர்த்தவர் பதினெட்டு வயதுக் கப்டன் லூயிஸ் எமிலியோ. மாண்டோர், காயமுற்றோர், காணாமற் போனோர் என அப்படை இழந்தவர் தொகை 272. கோட்டை விழவில்லை. பின்வந்த படைகளும் சிதறின. வடக்கின் மொத்த இழப்பு ஆயிரத்து ஐந்நூறு. தெற்கின் இழப்பு இருநூற்றுக்கும் குறைவு. செப்ரெம்பர் முதல் வாரத்திலே, பதுங்குகுழிகளை அங்குலம் அங்குலமாய் வெட்டி நெருங்கிய பின்னர், தெற்குப் படையினர் இரவோடிரவாக அக்கோட்டையைக் கைவிட்டுப் போனார்கள். அந்த ஒடுங்கிய பாதையில் நேரே மோதும்படி ஏவியது தளபதிகளின் பெரும் பிழை என்பதே என் கருத்து.

ஷோவின் உடலை அவருடைய கறுப்புப் படைவீரரோடு ஒரே குழியிற் புதைத்தார்கள், இழிவுபடுத்துவதாய் எண்ணி. உடலைத் தோண்டி எடுக்கும் முயற்சி எதுவும் வேண்டாம், தன் வீரர் நடுவே கிடப்பதே அவனுக்குத் தகும் என்று தந்தையார் அறிவித்துவிட்டார்.

அதே வாரத்தில், யூலை 13 முதல் 16 வரை, நியூயோர்க் நகரில் கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்து எழுந்த கலகக் கும்பல் கறுப்பரை வேட்டையாடியது. கறுப்புப் பிள்ளைகளின் அநாதை மடத்தைக் கொளுத்தியது. இப்படையின் சார்ஜன்ட் ஒருவர் வாக்னர் கோட்டையிற் காயமுற்றுச் சிறைப்பட்டு இறந்தார். அவருடைய உறவுச் சிறுவன் ஒருவன் அந்நகரக் கலகத்திலே கொல்லப்பட்டான்.

இனிச் சம்பளத்துக்கு வருகிறேன்.

வெள்ளைப் போர்வீரனுக்கு மாதம் 13 டொலர். உடைச் செலவுக்கு வேறாக மூன்றரை டொலர். 54ஆம் படையிற் சேர்ந்தோருக்கும் அதுவே என்று ஆளுநர் வாக்களித்திருந்தார். ஆனால் 1862ஆம் ஆண்டுச் சட்டமொன்று, இராணுவத்துக்கு மண்வெட்டவும் அரண் கட்டவும் அமர்த்தப்படும் கறுப்புத் தொழிலாளருக்கு மாதம் 10 டொலர் என்றும், அதில் 3 டொலர் உடைக்குக் கழிக்கப்படும் என்றும் விதித்திருந்தது. போர்த் திணைக்களம் அச்சட்டத்தைக் கறுப்புப் போர்வீரருக்கும் பொருத்தியது. கையிற் கிடைப்பது ஏழு டொலர். ஒரே குண்டுக்கு மார்பு காட்டுவோருள் ஒருவனுக்குப் பதின்மூன்று, மற்றவனுக்கு ஏழு!

சம்பளப் பட்டியலிலே கையொப்பமிடும் உத்தியோகத்தர் பலர் இங்கே இருக்கிறீர்கள். குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு, மிகுதிக்கு முறைப்பாடு எழுதுவோம் என்றுதான் நம்மிற் பெரும்பாலோர் எண்ணுவோம். 54ஆம் படையினர் அவ்வாறு எண்ணவில்லை. சம்பள அதிகாரி வந்தார், ஒருவரும் வாங்கவில்லை. மீண்டும் வந்தார், மீண்டும் வெறுங்கையோடு போனார்கள். களத்தில் நின்றார்கள், காவல் காத்தார்கள், குழி வெட்டினார்கள். காசை மாத்திரம் தொடவில்லை.

1863 நவம்பரிலே மசாசூசெற்ஸ் சட்டசபை, குறையும் தொகையை நாமே தருகிறோம் என்று தீர்மானம் நிறைவேற்றி முகாமுக்கு ஆள் அனுப்பியது. நல்லெண்ணத்தால் வந்த பணம். அதனையும் மறுத்தார்கள்! ஏன்? தாம் சேர்ந்தது ஐக்கிய அமெரிக்காவின் படையிலே; தம்மை முழுப் போர்வீரர் என ஒப்புக்கொள்ள வேண்டியதும் அதுவே. பக்கத்து வீட்டார் இரங்கிக் கடனைத் தீர்ப்பதால், கடன்பட்டவன் கடனை ஒப்புக்கொண்டதாகுமா? தமக்குக் குறைவது பணமன்று, பெயர் என்றார்கள்.

நியூ பெட்போட் நகரத்தவரான ஜேம்ஸ் ஹென்றி கூடிங் என்ற கோப்பிரல், 1863 செப்ரெம்பர் 28ஆந் திகதி மொறிஸ் தீவிலிருந்து லிங்கனுக்கே கடிதம் எழுதினார். நாங்கள் போர்வீரரா, கூலியாட்களா என்பதே அதன் கேள்வி. போர்வீரனின் கடமையை நாம் செய்துவிட்டோம், போர்வீரனின் சம்பளம் ஏன் இல்லை என்று பணிவோடும் தெளிவோடும் கேட்டிருந்தார். அதற்கு முந்திய மாதம் டக்ளஸ் நேரிற் சென்று இதே முறைப்பாட்டை வைத்தபோது, கறுப்பரைப் படையில் ஏற்கும்படி வெள்ளையரை இணங்கச் செய்வதற்கு இந்தக் குறைந்த சம்பளம் வேண்டியதாயிற்று, காலப்போக்கிற் சமமாகும் என்ற கருத்தில் லிங்கன் விடை கூறினார். லிங்கனை நான் பெரிதும் மதிப்பவன். ஆயினும் காத்திருக்கச் சொன்னவர் பசித்திருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பசித்திருந்தோர் யார்? படைவீரனுக்கு முகாமிலே சோறு உண்டு. வீட்டிலிருந்த மனைவிக்கும் பிள்ளைக்கும் என்ன உண்டு? வாடகை கொடுக்க வழியில்லை, பிள்ளைக்கு நோய், ஏழைகள் மடத்துக்குப் போக நேர்ந்தது என்று வீட்டிலிருந்து கடிதங்கள் வந்தன. அக்கடிதங்களை வாசித்துவிட்டு மறுநாட் காலை காவலுக்குப் போனவனின் நெஞ்சை எண்ணிப் பாருங்கள். ஆண்களின் மானத்துக்காகப் பெண்கள் பட்டினி கிடந்தார்கள் என்று ஒருவர் குற்றஞ்சாட்டினால், அதற்கு எளிதான விடை என்னிடம் இல்லை. ஏழு டொலரை வாங்கியிருந்தால் அக்குடும்பங்கள் அந்த ஆண்டு பிழைத்திருக்கும். வாங்கியவனுடைய விலை ஏழு டொலர் என்றும் எழுதப்பட்டிருக்கும்.

ஆபத்தும் இருந்தது. 3ஆம் தென் கரோலினாப் படையின் சார்ஜன்ட் வில்லியம் வோக்கர், சம்பளம் சமமாகும்வரை கடமை செய்யோம் எனத் தம் தோழரோடு ஆயுதங்களைக் கீழே வைத்தார். இராணுவ நீதிமன்றம் அதனைக் கலகமென்று தீர்த்து, 1864 பெப்ரவரி 29ஆந் திகதி அவரைச் சுட்டுக் கொன்றது. 54ஆம் படையினர் ஆயுதத்தை வைக்கவில்லை, சம்பளத்தையே வைத்தார்கள். சம்பளம் வாங்காமை குற்றமென்று சொல்வதற்குச் சட்டப் புத்தகத்தில் இடமில்லை!

வோக்கர் சுடப்படுவதற்கு ஒன்பது நாள் முன்னர், புளோரிடாவில் ஒலுஸ்ரி என்னுமிடத்தில் வடக்குப் படை முறிந்தோடியது. பின்வாங்குவோரைக் காத்து நின்றவற்றுள் 54ஆம் படையும் ஒன்று. மாதம் ஏழு டொலர் என்று நையாண்டியாகக் கோஷமிட்டுக்கொண்டு அவர்கள் களத்தில் இறங்கினார்களாம். காயமுற்றோரை ஏற்றிவந்த புகைவண்டியின் இயந்திரம் வழியிற் பழுதாகி நின்றபோது, இவர்களே கயிறு கட்டி, வண்டித் தொடரைக் கையால் மைல் கணக்காய் இழுத்துச் சென்றார்கள். வண்டியிற் கிடந்த வெள்ளையருக்குப் பதின்மூன்று டொலர், இழுத்தவருக்கு ஒன்றுமில்லை. கடிதமெழுதிய கூடிங் அன்று சிறைப்பட்டார்.

1864 யூன் 15ஆந் திகதி காங்கிரஸ் சபை இறங்கி வந்தது. அப்போதும் ஒரு வஞ்சகம். 1861 ஏப்ரில் 19இற்கு முன்பே சுதந்திரராய் இருந்தோருக்குச் சேர்ந்த நாளிலிருந்து முழுச் சம்பளம். மற்றவர்க்கு 1864 ஜனவரியிலிருந்து மாத்திரம். ஒரே கூடாரத்தில் உறங்குவோரை இரண்டாய்ப் பிளக்கும் சட்டம். ஷோவுக்குப் பின் தலைமை ஏற்ற கேணல் எட்வேட் ஹலோவெல் ஓர் உபாயம் கண்டார். குறித்த நாளில் தன்னிடம் கூலியில்லா உழைப்பைக் கேட்கும் உரிமை எவனுக்கும் இருக்கவில்லை என்று ஒவ்வொருவனும் சத்தியஞ் செய்யும்படி வாசகத்தை அமைத்தார். மனிதன் வகுத்த சட்டப்படி அடிமையாயிருந்தவன், கடவுளின் சட்டப்படி எவனுக்கும் அடிமையல்லனே! தப்பியோடி வந்தவர்களும் கையை உயர்த்திச் சத்தியஞ் செய்தார்கள். வழக்கறிஞர்கள் சிரிக்கிறீர்கள், இதிலும் நேர்மையான சத்தியத்தை நீங்கள் நீதிமன்றத்திற் கேட்டதுண்டா?

அவ்வாண்டு செப்ரெம்பர் இறுதியிலே சம்பளம் வந்தது. அப்படைக்குக் கொடுத்துத் தீர்க்க 1,70,000 டொலர் வேண்டியதாயிற்று. பெருந்தொகை உடனேயே வீடுகளுக்கு அனுப்பப்பட்டது. கூடிங் அதைக் காணவில்லை. அண்டர்சன்வில் சிறை முகாமில், 1864 யூலை 19ஆந் திகதி, வாக்னர் கோட்டைப் போர் நடந்து ஓராண்டும் ஒரு நாளும் சென்றபின், அவர் இறந்துவிட்டார். மற்றைப் படைகளில் இருந்த முன்னாள் அடிமைகளுக்கு முழு நியாயம் 1865 மார்ச்சிலேதான் சட்டமாயிற்று. வோக்கருக்கு அதனாற் பயனில்லை.

எஞ்சியோர் 1865 செப்ரெம்பரில் பொஸ்டனுக்குத் திரும்பினர். கொடியை மீட்ட காணி நியூ பெட்போட் நகரிலே தபாற்காரராய் வேலை பார்த்தார்; வீரப் பதக்கம் அவர் கைக்கு வந்தது 1900இலே, முப்பத்தேழு ஆண்டு கழித்து. 1897 மே 31ஆந் திகதி பொஸ்டனில் சிற்பி செயின்ற் கோடன்ஸ் வடித்த வெண்கலச் சின்னம் திறக்கப்பட்டபோது, முதிய வீரர்கள் அதன் முன்னால் அணிவகுத்து வந்தார்கள். சிலையிலே குதிரைமேல் ஷோ. அருகில் நடந்து செல்லும் கறுப்பு வீரர், ஒவ்வொருவருக்கும் தனித்தனி முகம். மாண்ட அதிகாரிகளின் பெயர்கள் அப்போதே செதுக்கப்பட்டன. வாக்னர் கோட்டையில் மாண்ட சாதாரண வீரர்களின் பெயர்கள், 1980களிலேதான் அச்சின்னத்தின் பின்புறத்திற் பொறிக்கப்பட்டன.